ரெண்டு பையன்கள், ஒரு டாக்டர், ஒரு காமெடி நாவல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உட்காருங்க.

டி.ஜே. க்ளூன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2020-ல் 'தி எக்ஸ்ட்ராடினரீஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். பதின்ம வயசுக்காரங்களுக்கான சூப்பர் ஹீரோ காமெடி. கதாநாயகன் நிக் பெல், வயசு 16. ஒரு இடத்துல ரெண்டு நிமிஷம் சேர்ந்தாப்ல உட்கார முடியாத பையன், ஏ.டி.எச்.டி. உள்ளவன். அவன் ஊரான நோவா சிட்டியில் ஷேடோ ஸ்டார் என்று ஒரு சூப்பர் ஹீரோ இருக்கார். நம்ம பையனுக்கு அவர் மேல பைத்தியம். வெறும் ரசிகன் கிடையாது, காதலே. அவரை நாயகனா வச்சு இணையத்துல பக்கம் பக்கமா ரசிகர் கதை எழுதித் தள்றான், அதுக்கு ஒரு பெரிய கூட்டமே இருக்கு. கடைசியில், எப்படியாவது தானும் ஒரு சக்தியைப் பிடிச்சு அவருக்குச் சமமா நிக்கணும்னு கிளம்பறான். சின்ன வயசுலேர்ந்து கூடவே இருக்கிற நண்பன் சேத் பக்கத்துல நின்னு பெருமூச்சு விட்டுக்கிட்டிருக்கான். அது ஏன்னு படிக்கிற நமக்கு அம்பதாவது பக்கத்துக்குள்ள புரிஞ்சிடும். நிக்குக்குக் கடைசி வரைக்கும் புரியாது :-)

நிக் ஒரு கே பையன். இது அவங்க அப்பாவுக்குத் தெரியும், நண்பர்களுக்குத் தெரியும். யாருக்கும் அது ஒரு பிரச்சினையே இல்லை. கதையோட சிக்கல் அது கிடையாது. பையனோட மண்டையில ஏறாத விஷயம்தான் சிக்கல், நமக்குச் சிரிப்பு வர்றதும் அதனாலதான்.

இந்தச் சிரிப்பு அச்சேற 66 வருஷம் ஆச்சு. அந்த 66 வருஷக் கதைதான் இந்தப் பதிவு.

* * *

1954-க்குப் போவோம். ஃபிரெடெரிக் வெர்தாம் என்று ஒரு மனநல மருத்துவர். அந்த வருஷம் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னோசென்ட்' என்று ஒரு புத்தகம் போட்டார். காமிக்ஸ் படிக்கிறதாலதான் பசங்க கெட்டுப் போறாங்க என்பது வாதம். அதுல ஒரு பகுதி பேட்மேனையும் ராபினையும் பத்தினது. பெரிய மாளிகை, ஒரு பணக்கார ஆம்பளை, கூடவே ஒரு பையன், ஒரு வேலைக்காரர். இது ஓரினக் காதலர் ரெண்டு பேர் சேர்ந்து வாழ்ற கனவு மாதிரி இருக்கு, பசங்க மனசுல இது வேலை செய்யுதுன்னு எழுதினார். வொண்டர் வுமனையும் விடலை.

இங்க ஒண்ணு சொல்லிடணும். வெர்தாமை வில்லனா வரைஞ்சுட்டுப் போறது காமிக்ஸ் ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. ஆனா மனுஷன் அவ்வளவு சுலபமான ஆள் இல்லை. 1946-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களுக்காக லஃபார்க் கிளினிக்கைத் தொடங்கினவர். கட்டணம் 25 சென்ட். பள்ளிகளில் நிறப் பிரிவினை குழந்தைகளை எப்படிப் பாதிக்குதுன்னு டெலவேர் மாநில வழக்கில் சாட்சி சொன்னவர். பிரிவினை செல்லாதுன்னு 1954 மே மாசம் உச்ச நீதிமன்றம் கொடுத்த புகழ்பெற்ற தீர்ப்புல சேர்ந்த வழக்குகளில் அதுவும் ஒண்ணு. ஒரு பக்கம் குழந்தைகளுக்காக நின்ன அதே ஆள்தான் இன்னொரு பக்கம் இந்தப் புத்தகத்தையும் எழுதினார். வரலாறு எப்பவும் இப்படித்தான், ஒரு ஆளை ஒரு பெட்டிக்குள்ள அடைக்க விடாது.

காலத்தையும் பார்க்கணும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1952 கையேட்டில் ஓரினச் சேர்க்கை ஒரு மனக் கோளாறு. 1973-ல்தான் அதை எடுத்தாங்க. சட்டப்படியும் அன்னிக்கு எல்லா மாநிலத்துலயும் குற்றம். அதனால வெர்தாம் சொன்னது ஊருக்கு அதிர்ச்சியா இருந்துச்சே தவிர, அபத்தமா தெரியலை.

1954 ஏப்ரலில் செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்துச்சு. காமிக்ஸ் கம்பெனிகள் பயந்து போய், அரசாங்கம் கை வைக்கறதுக்கு முன்னாடி நாமளே கட்டுப்பாடு போட்டுக்குவோம்னு 'காமிக்ஸ் கோட் அத்தாரிட்டி'யை உருவாக்கிட்டாங்க. அட்டையில் ஒரு முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத புத்தகத்தைப் பெரும்பாலான விநியோகஸ்தர்கள் தொட மாட்டாங்க. அந்த விதிகளில் ஒண்ணு: 'பாலியல் வக்கிரம்' கூடவே கூடாது, அதை ஜாடையாகக் காட்டறதும் கூடாது. அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள யாரை அடைச்சாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

1956-ல் பேட்மேன் கதைக்குள்ள பேட்வுமன் வந்தாங்க. பேரு கேத்தி கேன். கைப்பைக்குள்ள லிப்ஸ்டிக், பவுடர் மாதிரி ஆயுதங்கள். பேட்மேனுக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்னு ஊருக்குக் காட்டத்தான் இந்த ஏற்பாடுன்னு பரவலா சொல்வாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, 2006-ல் டி.சி. நிறுவனம் புது பேட்வுமனைக் கொண்டு வந்தப்போ, அந்த கேட் கேன் ஒரு லெஸ்பியன். காவலுக்கு வச்ச ஆளே கட்சி மாறிட்டாங்க :-)

* * *

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சூப்பர் ஹீரோ கதைன்னா என்ன? ஒரு பையனுக்கு ஒரு ரகசியம். மத்தவங்க மாதிரி தான் இல்லைன்னு பதின்ம வயசுல தெரிய வருது. வீட்டுல சொல்ல முடியாது. பகல்ல ஒரு முகம், ராத்திரியில ஒரு முகம். தெரிஞ்சா ஊர் என்ன செய்யுமோன்னு பயம். தன்னை மாதிரியே இன்னும் சில பேர் இருக்காங்கன்னு தெரியறப்போ வர்ற நிம்மதி. இது அப்படியே ஒரு கே பையனோட வாழ்க்கை. அந்த ஒரு ஆளைத் தவிர வேற யாரை வேணும்னாலும் முகமூடிக்குள்ள வைக்கலாம்னு விதி. பல வருஷம் இப்படியே ஓடுச்சு.

மார்வெலின் நார்த்ஸ்டார் கதையைப் பாருங்க. 1979-ல் எக்ஸ்-மென் இதழில் அறிமுகமான கனடாக்காரன், பனிச்சறுக்கு வீரன், மின்னல் வேகத்துல பறப்பான். உருவாக்கின ஜான் பைர்ன், ஆரம்பத்திலிருந்தே அவனைக் கே-யாகத்தான் நினைச்சு எழுதினதா பின்னாடி சொல்லியிருக்கார். வெளிப்படையா எழுத அன்றைய மார்வெலில் இடமில்லை. 1987-ல் அவனுக்கு ஒரு மர்ம நோய் வந்துச்சு. எய்ட்ஸ் அமெரிக்காவையே உலுக்கிக்கிட்டிருந்த நேரம். வாசகர்கள் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தா, கடைசியில அவன் பாதி தேவதை இனம், தன் லோகத்துக்குப் போனா சரியாயிடும்னு முடிச்சுட்டாங்க! இங்கிலீஷ்ல தேவதைக்கு உள்ள வார்த்தை, கே ஆட்களைக் கேலி பண்ற வசவும்கூட. தெரிஞ்சு செஞ்சாங்களா தெரியாம செஞ்சாங்களா, அந்தத் தேவதைகளுக்கே வெளிச்சம்.

1989-ல் கோட் விதி திருத்தப்பட்டது. 1992-ல் ஆல்ஃபா ஃப்ளைட் 106-வது இதழில், ஒரு சண்டைக்கு நடுவுல, நார்த்ஸ்டார் தான் கே என்று உரக்கச் சொன்னான். கதையில் எச்.ஐ.வி.யோட பிறந்து கைவிடப்பட்ட ஒரு குழந்தை. சண்டை போடற எதிராளி, எய்ட்ஸுக்குத் தன் கே மகனைப் பறிகொடுத்த ஒரு பழைய ஹீரோ. செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின இதழ் அது. அதுக்கப்புறம்? 1994-ல் அவனுக்குன்னே நாலு இதழ்த் தனித்தொடர் போட்டாங்க. அந்த விஷயத்தைப் பத்திக் கிட்டத்தட்ட வாயே திறக்கலை. சொல்லிட்டான்ல, போதும்னு விட்டாங்க போல.

* * *

இதே நேரத்துல பக்கத்துத் தெருவுல, அதாவது படமில்லாத இளையோர் நாவல்களில், என்ன நடந்துச்சு?

1969-ல் ஜான் டொனோவன் எழுதின 'ஐ'ல் கெட் தேர். இட் பெட்டர் பி வொர்த் தி ட்ரிப்' என்ற நாவல்தான் அமெரிக்க இளையோர் புத்தகங்களில் இந்த விஷயத்தைத் தொட்ட முதல் நாவல்னு பொதுவா சொல்றாங்க. 13 வயசுப் பையன் டேவியும் அவன் நண்பனும் முத்தம் கொடுத்துக்கறாங்க. அப்புறம் டேவியோட நாய் கார்ல அடிபட்டுச் செத்துடுது. தான் செஞ்சதுக்குத் தண்டனைன்னு பையன் நினைக்கிறான். பாவம், அந்த நாய் என்ன பண்ணுச்சு? அதுக்கப்புறமும் ரொம்ப வருஷத்துக்கு இந்த வகை நாவல்னா யாராவது சாகணும், இல்ல விபத்துல அடிபடணும், இல்ல ஊரை விட்டுப் போகணும்.

1982-ல் நான்சி கார்டன் 'ஆனி ஆன் மை மைண்ட்' எழுதி அதை மாத்தினாங்க. ரெண்டு பொண்ணுங்க, கடைசியில சேர்றாங்க. பரிசு என்ன தெரியுமா? 1993-ல் கேன்சஸ் சிட்டியில் அதோட பிரதியை எரிச்சாங்க. கேன்சஸ் மாநிலம் ஓலேத்தாவில் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்தாங்க. மாணவர்கள் வழக்குப் போட்டு, 1995-ல் நீதிமன்றம் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லுச்சு.

2003-ல்தான் டேவிட் லெவிதன் 'பாய் மீட்ஸ் பாய்' எழுதினார். எல்லாரும் எல்லாரையும் ஏத்துக்கிற ஒரு கற்பனை ஊர். பள்ளியோட ஃபுட்பால் அணியின் நட்சத்திரமே விழா ராணியும்கூட. யாரும் சாகலை. நாயும் சாகலை. படிச்சுச் சிரிக்கலாம். மிச்சமிருந்த மாநிலங்களில் ஓரினச் சேர்க்கைக் குற்றச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சதும் இதே 2003-ல்தான். சட்டமும் சிரிப்பும் ஒரே வருஷத்துல வந்தது தற்செயல்தான், ஆனா எனக்கு அது மறக்க மாட்டேங்குது.

* * *

சூப்பர் ஹீரோ தெருவுக்கே திரும்புவோம். 2002-ல் கிரீன் லேண்டர்ன் கதையில் டெர்ரி பெர்க் என்ற பதின்ம வயசு கே பையனை ஒரு கும்பல் அடிச்சுப் போடுது. எழுதின ஜட் வினிக் நல்ல மனசோடதான் எழுதினார், சந்தேகமே இல்லை. ஆனாலும் கே பையனுக்குக் கிடைச்ச வேடம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். 2005-ல் மூளைச்சலவை செய்யப்பட்ட வுல்வரின் நார்த்ஸ்டாரைக் கொன்னான். (காமிக்ஸ் ஆச்சே, பிறகு உயிரோட வந்துட்டான்.)

இதைப் படிச்சுக் கொதிச்சுப் போன ஒருத்தர் பெர்ரி மூர். நார்னியா படங்களின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருத்தர். காமிக்ஸ்ல கே பாத்திரங்கள் எப்படியெல்லாம் கொல்லப்பட்டாங்க, சிதைக்கப்பட்டாங்கன்னு உட்கார்ந்து ஒரு பட்டியலே போட்டார். பெண் பாத்திரங்களுக்கு 1999-ல் கெயில் சிமோன் இந்த மாதிரி ஒரு பட்டியல் போட்டிருந்தாங்க, அந்த வழியில. பட்டியலோட நிக்காம 2007-ல் 'ஹீரோ' என்று ஒரு நாவலும் எழுதினார்.

அதுல தாம் கிரீட் என்ற பள்ளிக்கூட பாஸ்கெட்பால் வீரன். தொட்டாக் காயம் ஆறும், அதுதான் அவன் சக்தி. அப்பா ஒரு காலத்துல பெரிய ஹீரோ, இப்போ அவமானப்பட்டு ஒதுங்கினவர். அவருக்குச் சூப்பர் ஹீரோக்களையும் ஆகாது, கே ஆட்களையும் ஆகாது. பையனுக்கு ரெண்டு ரகசியம், ரெண்டுமே அப்பாகிட்ட சொல்ல முடியாதது! அவன் சேர்ற பயிற்சி அணி இருக்கே, அது ஒரு கூத்து. பக்கத்துல வர்றவனுக்கெல்லாம் நோய் வர வைக்கிற டைஃபாய்ட் லாரி, விடாம சிகரெட் பிடிச்சுக்கிட்டே எதிர்காலம் சொல்ற ரூத் பாட்டி. சிரிக்கலாம், ஆனா அடியில கனமா ஒரு சோகம் ஓடிக்கிட்டே இருக்கும். 2008-ல் இந்த நாவலுக்கு லேம்டா இலக்கிய விருது கிடைச்சுது. மூர் 2011 பிப்ரவரியில், 39 வயசுல காலமாயிட்டார். ரெண்டாம் பாகம் வரவே இல்லை.

நடுவுல விட்டது ஒண்ணு. நார்த்ஸ்டாரைக் கொன்ன அதே 2005-ல் மார்வெல் 'யங் அவெஞ்சர்ஸ்' ஆரம்பிச்சுது. ஆலன் ஹைன்பெர்க் எழுத்து, ஜிம் சியுங் ஓவியம். அதுல பில்லி, டெடின்னு ரெண்டு பையன்கள், காதலர்கள். ஒரு காட்சியில பில்லி தன் அப்பா அம்மாகிட்ட, தான் ஒரு சூப்பர் ஹீரோன்னு சொல்லத் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறான். பக்கத்துல டெடி. பெத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னா, பையன் கே-ங்கறதைத்தான் சொல்ல வர்றான்னு. எங்களுக்கு முன்னாடியே தெரியும்டா, இதுல என்ன இருக்குன்னு கட்டிப் பிடிச்சுக்கறாங்க. சொல்ல வந்த ரகசியம் தொண்டையிலயே நின்னுடுது! எத்தனையோ வருஷமா சூப்பர் ஹீரோ முகமூடி இன்னொரு ரகசியத்துக்கு உவமையா இருந்துச்சு. இங்க அந்த ரகசியம் வெளிப்படையா உட்கார்ந்திருக்கு, முகமூடிதான் முழிக்குது. அருமையான காமெடி. ஆனா இந்த ரெண்டு பேரும் காமிக்ஸ் பக்கத்துல முத்தம் கொடுத்துக்க 2012 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.

2016-ல் சி.பி. லீ எழுதின 'நாட் யுவர் சைட்கிக்' வந்தது. அப்பா அம்மா ஹீரோக்கள், பொண்ணு ஜெஸிகாவுக்கு ஒரு சக்தியும் இல்லை. பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தா, முதலாளி ஊரோட வில்லன். அங்கேயே கூட வேலை பார்க்கிற பொண்ணு மேல காதல். இதுவும் கலகலப்பான புத்தகம்தான். அதுக்கு நாலு வருஷம் கழிச்சு நம்ம நிக் பெல்.

* * *

இப்போ தலைப்புல சொன்ன ரெண்டு பையன்களுக்கு வர்றேன்.

வெர்தாமோட காகிதங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ரொம்ப காலம் மூடியே கிடந்தது. 2010-ல் திறந்தாங்க. நூலகவியல் பேராசிரியர் கேரல் டில்லி உட்கார்ந்து பெட்டி பெட்டியாப் படிச்சாங்க. 2012-ல் அவங்க வெளியிட்ட கட்டுரை ஒரு குண்டு. பசங்க சொன்னதை வெர்தாம் பல இடத்துல மாத்தியிருக்கார், வெட்டியிருக்கார், ஒட்டியிருக்கார். பேட்மேன் விஷயத்துல அவர் சாட்சியா நிறுத்தின அந்தப் பையன், ஒரு ஆளே கிடையாது. ரெண்டு பேர். பதின்ம வயசுப் பையன்கள், ஒருத்தரை ஒருத்தர் நேசிச்சவங்க. டாக்டர் ரெண்டு பேரையும் சேர்த்து ஒருத்தனா எழுதிட்டார். இன்னொண்ணும் விட்டுட்டார். தங்களுக்குப் பேட்மேனை விட டார்ஜானும் சப்-மரினரும்தான் கிளுகிளுப்புன்னு அந்தப் பசங்க சொல்லியிருக்காங்க!

இதைப் படிச்சுட்டு முதல்ல சிரிச்சேன். சப்-மரினர் யாருன்னு தெரியாதவங்களுக்கு: கடலுக்கடியில் இருக்கிற ராஜா, நீச்சல் ஜட்டி மட்டும்தான் சீருடை. பசங்க ரசனையில தப்பே சொல்ல முடியாது :-)

அப்புறம் சிரிப்பு அடங்கிடுச்சு. அந்தக் காலத்து அமெரிக்காவுல, சட்டமும் மருத்துவமும் எதிரா நின்ன நேரத்துல, ரெண்டு பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்காங்க. சேர்ந்து காமிக்ஸ் பேசியிருக்காங்க. எந்த ஹீரோ அழகுன்னு அவங்களுக்கு ஒரு கருத்து இருந்திருக்கு. அதை நம்பி ஒரு டாக்டர்கிட்ட சொன்னாங்க. அவர் அதை நோய்க் குறிப்பாக்கினார், ரெண்டு பேரை ஒரு ஆளாக்கினார், பிடிச்ச ஹீரோவையும் மாத்திட்டார். கடைசியில அவங்க பேச்சையே ஆதாரமாக் காட்டி, அவங்களை மாதிரி ஆட்கள் எந்தக் கதையிலும் வரக்கூடாதுன்னு ஒரு தொழிலே விதி போட்டுக்கிச்சு.

நிக் பெல்லை இப்போ திரும்பப் பாருங்க. எந்த ஹீரோ அழகுன்னு உலகத்துக்கே கேட்கிற மாதிரி கத்தற பையன். அதையே பக்கம் பக்கமா எழுதறவன். அதைப் படிச்சு யாரும் நோய்க் குறிப்பு எழுதலை, அடுத்த அத்தியாயம் எப்பன்னு கேட்கிறாங்க. அந்த ரெண்டு பையன்கள் பேசினதைத்தான் இவனும் பேசறான். கே பையனை ஹீரோவாக்கினது நார்த்ஸ்டார் காலத்துலயே நடந்தது. ரசிகனா, அசட்டுத்தனமா, காதல்ல சொதப்பறவனா, பக்கத்துல இருக்கிறவனைப் பார்க்காத மடையனா இருக்க விட்டது இந்த நாவல்கள். அழுது காட்டினாத்தான், இல்ல செத்துக் காட்டினாத்தான் நீ மனுஷன்னு ஒத்துக்குவோம்னு இல்லாம, சும்மா அசடா இருக்கவும் ஒரு பையனுக்கு உரிமை வேணும் இல்லையா? மத்த எல்லாப் பையன்களுக்கும் அது இருக்கே.

நாவல்ல குறை இல்லாம இல்லை. நிக்கோட அப்பா போலீஸ்காரர். புத்தகம் வந்தது 2020 ஜூலை, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். போலீஸ் அத்துமீறலை இவ்வளவு லேசா எடுத்துக்கிட்டிருக்கீங்களேன்னு விமர்சனம் வந்துச்சு, நியாயமான விமர்சனம்தான். 2021-ல் வந்த இரண்டாம் பாகமான 'ஃப்ளாஷ் ஃபயர்'ல க்ளூன் அதைக் கதைக்குள்ளேயே கேள்வியா கொண்டு வந்தார். நீளமும் கொஞ்சம் ஜாஸ்திதான்.

கோட் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2001-ல் மார்வெல் விலகுச்சு, 2011-ல் டி.சி.யும் ஆர்ச்சியும் விலக, முத்திரை செத்துப் போச்சு. 2021 ஆகஸ்டில் ஒரு பேட்மேன் தொகுப்பு இதழில், டிம் டிரேக் தன் நண்பன் பெர்னார்டோட டேட்டிங் போக ஒத்துக்கிட்டான். டிம் டிரேக் யாருன்னு கேட்டீங்கன்னா, ராபின்! வெர்தாம் எந்த வீட்டைப் பார்த்துப் பயந்தாரோ, அதே வீட்டுப் பையன்.

ஆனா கதை இங்க சுபம்னு முடியலை. 2021-லேர்ந்து அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் இந்த வகைப் புத்தகங்களை எடுக்கச் சொல்ற அலை திரும்ப அடிச்சுது. மாயா கோபாபேயின் 'ஜெண்டர் க்வியர்', அதுவும் ஒரு காமிக்ஸ்தான், 2021, 2022, 2023 மூணு வருஷமும் நூலகச் சங்கத்தோட எதிர்ப்புப் பட்டியலில் முதலிடம். 2025 ஜூனில், இந்த மாதிரிக் கதைப் புத்தகங்கள் நடத்தற வகுப்பிலிருந்து தங்கள் குழந்தைகளை விலக்கிக்க மேரிலாண்ட் பெற்றோர்களுக்கு வழி விடணும்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் சொல்லுச்சு. பெற்றோருக்குக் கவலை இருக்கக்கூடாதுன்னு நான் சொல்லலை. குழந்தைகளைப் பத்தின கவலையில் உண்மையா நின்னவர்தான் வெர்தாமும். அவர்கிட்ட போய்ப் பேசின ரெண்டு பையன்கள் என்ன சொன்னாங்கங்கிறதை மட்டும் அவர் காது கொடுத்துக் கேட்கலை.

அந்த ரெண்டு பேரும் இப்போ உயிரோட இருந்தா 85 வயசைத் தாண்டியிருப்பாங்க. யாராவது ஒரு பேரன் பேத்தி அவங்க கையில நிக் பெல் கதையைக் கொடுத்திருந்தா நல்லா இருக்கும். ஷேடோ ஸ்டார் பரவாயில்லை, ஆனா எங்க சப்-மரினர் மாதிரி வருமான்னு கேட்டிருப்பாங்க.

டிஸ்கி: சேத் ரகசியத்தை நான் சொல்லலை, பார்த்துக்கோங்க. கண்டுபிடிச்சவங்களும் பின்னூட்டத்துல போட்டு உடைக்காதீங்க மக்களே. 'ஹீரோ'வும் 'தி எக்ஸ்ட்ராடினரீஸ்'ஸும் ரெண்டுமே படிச்சவங்க, உங்களுக்கு எது பிடிச்சுதுன்னு சொல்லுங்க. என் ஓட்டு, கொஞ்சம் தடுமாறினாலும், டைஃபாய்ட் லாரிக்குத்தான்.